நான்கு கிளிக் இடப்பக்கம்

எங்கள் துப்பாக்கிச் சங்கத்தில் அவரை எல்லாரும் ‘புள்ளி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் குறி சரிசெய்து கொடுத்த துப்பாக்கி வைத்த புள்ளியில் அடிக்கும் என்பதால் வந்த பட்டம். நான் மட்டும் அண்ணன் என்பேன். எனக்கு வேலை மேலே வரவேற்பு மேஜையில், அவருக்குக் கீழே நிலவறையில். அங்கே பெயருக்குக்கூட ஒரு ஜன்னல் கிடையாது. ஆயுதம் இருக்கும் இடம் என்று நிலவறையின் இரும்புக் கதவை நான் பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும்படி வைத்திருந்தார்கள். ஒரு டீ குடிக்க வெளியே வருவதற்குக்கூட மனுஷன் என் தயவை எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

பாயிண்ட் டூ டூ என்பது சின்னத் தோட்டா. வேகம் குறைவு, தூரம் போகப்போகத் தாழ்ந்துவிடும். ஐம்பது மீட்டருக்குச் சரியாக வைத்த துப்பாக்கி நூறில் ஏறக்குறைய ஒரு சாண் கீழே அடிக்கும். அவர் மணல்மூட்டைமேல் துப்பாக்கியை வைத்து, மூச்சை விட்டு, ஐந்து குண்டு சுடுவார். காகிதத்தில் ஓட்டைகள் எங்கே கூடியிருக்கின்றன என்று அளந்து, குறி பார்க்கும் குழாயான ஸ்கோப்பின் குமிழை இரண்டு மூன்று கிளிக் திருப்புவார், ஒரு கிளிக்குக்குக் குறி ஒரு துளி நகரும். மறுபடி ஐந்து. இருபத்தைந்து மீட்டரும் ஐம்பது மீட்டரும் கீழேயே முடிந்துவிடும். நூறு மீட்டருக்கு மட்டும் பின்புற மைதானம். அவர் வெயிலைப் பார்ப்பது அன்றைக்குத்தான். எந்தத் தூரத்துக்கு எத்தனை கிளிக் என்று ஒரு சீட்டில் எழுதித் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிக் கொடுப்பார்.

“குறியை அவங்கவங்க கண்ணுக்கு, அவங்கவங்க கைக்கு அவங்களேதான் வைக்கணும்மா. இவங்க என் கண்ணுக்கு வச்சதைத் தூக்கிட்டுப் போய் சுடறாங்க” என்பார். யார் காதில் ஏறும்? எல்லாம் பெரிய இடம். குமிழைத் திருப்பினால் கை தேய்ந்துவிடும்.

அவர் மனைவி எட்டு மணி நேரப் பஸ் பயண தூரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று வருஷமாக அவள் அங்கே, இவர் இங்கே. நாலு வயது மகள் இவரை ‘போன் அப்பா’ என்கிறாள். அந்த ஊர் துப்பாக்கிச் சங்கத்தில் இவருக்கு வேலை தயாராக இருந்தது. ஆனால் ஆயுதம் தொடுகிற வேலைக்குப் பழைய இடத்தின் விடுவிப்புக் கடிதம் வேண்டும், அதில் எங்கள் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் நாலு முறை எழுதிக் கொடுத்தார். நாலும் மேஜை இழுப்பறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டன.

ஐந்தாவது முறை கடிதத்தை உள்ளே கொண்டுபோனது நான். வருடப் போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. செயலாளர் அதில் எப்போதும் ஆறாவது, ஏழாவதாக வருவார். பழியைத் துப்பாக்கிமேல் போடுவார்.

“புள்ளியை வரச்சொல்லு” என்றார். அண்ணன் வந்து நின்றதும், “இந்தத் தடவையும் இந்தத் துப்பாக்கி என் மானத்தை வாங்குச்சுன்னா, நீ எனக்குத் தேவையே இல்ல. அன்னைக்கே கையெழுத்துப் போடறேன், கிளம்பிடு. சரியா?” என்றார்.

“சரிங்க சார்.”

பதினோரு வருஷத்தில் தப்பான குறி ஒன்றுகூட வைத்து அனுப்பாத மனுஷன் அந்த வாரம் அதைச் செய்தார். செயலாளரின் துப்பாக்கிக்கு மூன்று தூரத்துக்கும் பிசிறில்லாமல் குறி வைத்து, சீட்டும் எழுதி ஒட்டிவிட்டு, கடைசியில் பக்கவாட்டுக் குமிழை நான்கு கிளிக் இடப்பக்கம் திருப்பினார். ஐம்பது மீட்டரில் ஒரு விரல் அகலம் தள்ளிப் போகும், நூறில் இரண்டு விரல். அதற்குமேல் திருப்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள். இதை அவரே வந்து என்னிடம் சொன்னார். “திருடின மாதிரி இருக்கும்மா” என்றார். “ஒண்ணும் ஆகாதுண்ணே, பெட்டியைக் கட்டுங்க” என்று நான்தான் தைரியம் சொன்னேன். எனக்கு வேறு வேலையில்லை பாருங்கள்.

போட்டியன்று செயலாளர் மூன்று தூரத்திலும் முதலிடம் வந்தார். நூறு மீட்டர் காகிதத்தில் பத்துக் குண்டில் எட்டு நடுவட்டத்துக்குள். கைதட்டல் ஓய்வதற்குள் அண்ணன் தோளில் கைபோட்டு எல்லார் முன்னாலும், “இவனை எவன் கேட்டாலும் விடமாட்டேன். நான் இந்த நாற்காலியில இருக்கறவரைக்கும் புள்ளி இங்கதான்” என்றார். சட்டைப் பையில் வைத்திருந்த கடிதத்தை எடுத்து அங்கேயே கிழித்தார். அதையும் கைதட்டி ரசித்தார்கள்.

மத்தியானம் அண்ணன் என் மேஜைக்கு வந்தார். கீழே சிக்னல் கிடைக்காது என்பதால் எப்போதும் இங்கிருந்துதான் பேசுவார். வெடிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். எழுந்து போகப் பார்த்தேன். இருக்கச் சொல்லிக் கை காட்டினார்.

“என்னாச்சு? கையெழுத்துப் போட்டாரா?” என்றாள் அண்ணி.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். நான்கு கிளிக் உட்பட. “இன்னைக்குத்தான் அவர் பின்னால நின்னு பார்த்தேன். விசையை மெதுவா அழுத்தாம வெடுக்குன்னு புடுங்கறாரு. குண்டு ஒவ்வொரு தடவையும் வலப்பக்கம் போகுது. போகிற அளவு, நான் இடப்பக்கம் தள்ளி வச்ச அதே அளவு.”

அண்ணிக்குப் பின்னால் குழந்தை எதையோ கேட்டு அழுதுகொண்டிருந்தது.

“அப்போ நீங்க எப்பவும்போல ஒழுங்கா வச்சிருந்தா,” என்றாள், “இந்நேரம் பஸ் ஏறியிருப்பீங்க.”