பல்லில் கவ்விய பறி

1687, புரட்டாசி. அங்காளம்மாவுக்கு வயது பத்தொன்பது, வயிற்றில் ஆறு மாதம், தூக்கம் போய் இருபது நாள்.

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் தடவும் ஏழு பெண்களில் அவள் ஒருத்தி. பிடித்ததைப் போட ஓலைப் பறி வேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருக்கும். அதனால் பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். விடியலிலிருந்து உச்சிவரை ஏரியில் பேச்சே கிடையாது. அவள் பேச்சை நிறுத்தி இரண்டு மாதம் ஆனது யாருக்கும் தெரியாமல் போனது அப்படித்தான்.

புருஷன் ரங்கன் ஒல்லாந்தர் கிடங்கில் துணிமூட்டை சுமந்தான். வீட்டில் அடித்தான். ஏழாம் மாதம் பெண்கள் தாய்வீட்டுக்குப் போவார்கள். அவளுக்குத் தாய் இல்லை. வயிற்றில் பிள்ளை புரண்டால் பக்கத்து வீட்டில் யாரோ நடமாடுவது போலிருக்கும். தண்ணீர் மட்டும் இதமாக இருந்தது. வெளுத்த வெயிலில் ஏரியும் வானமும் ஒட்டிக்கொண்டு, பூநாரைகள் எதில் நிற்கின்றன என்றே தெரியாது. முகத்துவாரத்துப் பக்கம் ஆழம் பச்சையாக, பாய் விரித்தது போலக் கிடந்தது.

அன்று தாடை வீங்கியிருந்தது. பறியைக் கவ்வ முடியாமல் கழுத்தில் கட்டிக்கொண்டு இறங்கினாள். தடவிக்கொண்டே வரிசையை விட்டு அந்தப் பச்சைப் பக்கமாக விலகினாள். நீர் மார்புக்கு ஏறியது.

மூத்தவள் எல்லம்மா பார்த்துவிட்டாள். கூப்பிட வாயைத் திறந்தாள். பறி விழுந்து, காலையெல்லாம் பிடித்த இறால் நீரில் ஓடியது.

"ஏய் அங்காளு! அங்க இன்னா இருக்குதுனு போற?"

"தூங்கலாம்னு, யக்கா."

எல்லம்மா நீரைக் கிழித்துக்கொண்டு போய்க் கையைப் பிடித்தாள். "தூங்கறதுக்கு எடம் பார்த்தா பாரு. மூஞ்சி இன்னா இப்பிடி கெடக்குது? அந்தப் பேமானி அடிச்சானா?"

"வெளிய அவன் உதைக்கிறான். உள்ள இது உதைக்குது."

"இது உன்ன எழுப்புதுடி. என் இறாலெல்லாம் உன்னால போச்சு, நட."

"எங்க யக்கா?"

"அக்கரையில என் தங்கச்சி வூட்டுக்கு. ஏழாம் மாசத்துக்கு ஒரு மாசம் முந்திப் போற, அவ்ளோதான்."

பெண்கள் புறப்பட்ட கரைக்குத் திரும்பவில்லை. அவளை நடுவில் விட்டு, ஆழமில்லாத மணல்திட்டு வழியாக ஏரியைக் குறுக்கே நடந்தார்கள். பொழுது சாய்வதற்குள் அக்கரையில் அவள் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை ரங்கன் இக்கரையில் நின்று, "எம் பொண்டாட்டி எங்க?" என்று கத்தினான்.

ஆறு பெண்கள் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு இறால் தடவிக்கொண்டிருந்தார்கள்.