மூன்று முறை கொடுத்த சால்வை

அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்ததும், பாச்சை உருண்டை வாசனையோடு அந்தப் புகைப்படம் கைக்கு வந்தது. சட்டென்று கவிழ்த்து வைத்தேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. பவானிப்பூரில் குடியிருந்தோம். பாத்திரம் தேய்க்க வருபவளை, வங்காளிகள் சித்தியை அழைப்பதுபோல, மாசி என்றுதான் கூப்பிடுவேன். பனியில் ஒற்றைப் புடவையோடு அவள் குழாயடியில் நடுங்கியதைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் என் சால்வையைப் போர்த்திவிட்டேன்.

அப்பாவுக்குத் தெரிந்ததும் பெருமை தாங்கவில்லை. ஆபீஸ் துரையிடம் காட்ட வேண்டுமென்று மறுநாள் காலையிலேயே படம் பிடிப்பவரை வரவழைத்து, முற்றத்தில் எங்களை நிறுத்தினார்.

"அவ அசைஞ்சுட்டா. வாங்கிண்டு திரும்பக் குடும்மா" என்றார் அப்பா.

மாசியின் தோளிலிருந்து சால்வையை நானே உருவினேன். கொடுத்தேன். மறுபடியும் உருவினேன்.

"குளிருதும்மா" என்றாள் வங்காள மொழியில்.

"கொஞ்சம் ஆடாம நில்லேன்!" அதட்டியது அப்பா இல்லை, நான்.

இப்போது படத்தைத் திருப்பினேன். என் சிரிப்பு பளிச்சென்று விழுந்திருக்கிறது. நடுங்கிக்கொண்டே நின்றவளின் முகம் கலைந்துபோய், யாரென்றே தெரியவில்லை.