மாமா மாற்றிவைத்த கம்ப்யூட்டர்

எனக்கு எட்டு வயதாகும்வரை அப்பா என்றால் பெரும்பாலும் ஒரு பச்சை அம்புக்குறிதான். அவருக்குச் சரக்குக் கப்பலில், எஞ்சின் பகுதியில் வேலை. வருடத்தில் இரண்டு மூன்று மாதம் வீட்டில் இருப்பார். மற்ற மாதங்களில் எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பார். உலகத்துக் கப்பல்கள் எங்கெங்கே போகின்றன என்று கடல் வரைபடத்தில் காட்டும் இணையத்தளம் ஒன்று உண்டு. அம்மா காலையில் தோசைக்கல்லை இறக்கி வைத்ததும் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வந்து அதைத் திறப்பார். நீலக் கடலில் குட்டிக் குட்டியாக அம்புகள். அதில் ஒரு பச்சையை அழுத்தினால் அப்பாவின் கப்பல் பெயர் வரும். "ம், போறாரு" என்பார் அம்மா. அதன் பிறகுதான் என் தலையைப் பின்னி, சீருடையை மாட்டிவிட்டு, பள்ளிக்கு அனுப்புவார்.

கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது அப்பாவின் முகமே திரையில் வரும், பேசும். அது எப்போதாவது கிடைக்கும் விருந்து. அன்றாடச் சோறு அந்த அம்புதான். அப்பாவைப் பற்றிப் பள்ளியில் யாராவது கேட்டால், "இன்னிக்கு இலங்கைக்குக் கீழ இருக்காரு" என்று ஏதோ பக்கத்துக் கடைக்குப் போயிருப்பதுபோலச் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

நாங்கள் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தோம். அம்மா கீழ்க்கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பார். எதிரே இருந்த பாட்டுக் கடையில் காலையில் ஆரம்பிக்கும் சத்தம் கடை அடைக்கும்வரை ஓயாது. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து அந்தச் சத்தத்தினூடே படியேறி வந்தபோது மாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. கம்ப்யூட்டர் கடையில் ரிப்பேர் வேலை. வேலை நாளில் அந்த நேரத்துக்கு அவர் வந்ததே இல்லை. வந்தால் முதலில் என் சடையைப் பிடித்து இழுத்து, "என்னா பாப்பா, இன்னிக்கு வாத்தியார் எத்தனை அடி கொடுத்தாரு?" என்று கேட்பார். அன்று என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"வைரஸ் புடிச்சிருக்குலா அக்கா. மொத்தமா அழிச்சிட்டு வேற சிஸ்டம் போடணும்" என்றார்.

"யாருடா உன்னைக் கூப்பிட்டா? நேத்து வரைக்கும் நல்லாதானே ஓடுச்சு?" அம்மா தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"உள்ளுக்குள்ள ரோசாக் ஆயிருக்கும், கெட்டுப்போனது வெளியே தெரியாது. நீ சும்மா இரு."

நான் மாமாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாமே போய்விடுமா என்று கேட்டேன். "எல்லாம் போயிரும். சுத்தமா தொடச்சிட்டுத்தான் புதுசு போட முடியும்" என்றார். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக மெல்ல நீண்டுகொண்டே போனது. கரும்பலகையில் எழுதியதை அழித்தால் அது திரும்பி வராது என்பது எனக்குத் தெரியும். அப்பா இருந்த இடத்தை மாமா அழித்துக்கொண்டிருக்கிறார். அம்மாவோ ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். நாற்காலியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கோடு முழுதாக நீண்டு முடிந்ததும் திரை இருண்டது.

மறுபடி வெளிச்சம் வந்தபோது அது எங்கள் கம்ப்யூட்டராகவே இல்லை. கப்பல் கம்பியில் சாய்ந்து அப்பா சிரித்துக்கொண்டிருந்த படம்தான் எப்போதும் முதலில் வரும். அந்த இடத்தில் இப்போது பாக்குச் சாற்று நிறத்தில் வெறும் திரை. கீழே இருந்த பட்டை இடது பக்கம் நெட்டுக்குத்தலாக ஏறியிருந்தது. மூடுகிற பொத்தான் வலது மூலையிலிருந்து இடது மூலைக்குப் போயிருந்தது. எதையாவது மாற்றப் போனால் கடவுச்சொல் கேட்டது. எங்கள் படங்களும் பாட்டுகளும் இருந்த இடத்தையே காணோம். எல்லாவற்றையும்விட மோசம், இணையம் வரவில்லை.

"புது சிஸ்டத்துக்கு இன்னும் நெட் புடிக்கலக்கா. நாளைக்குப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு மாமா படியிறங்கிப் போனார். கொடுத்த தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடந்தது.

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து வெள்ளை எழுத்துகளில் வரிவரியாக ஏதோ தட்டுவார், உதட்டைப் பிதுக்குவார், "தாப்பா, தாப்பா, பரவால்ல, நாளைக்கு ஆயிரும்" என்று எங்களைத் தேற்றிவிட்டுப் போவார். அவர் போனதும் அம்மா போய் உட்காருவார். வலது மூலைக்குப் போய்ப் போய்ப் பழகிய கை, அங்கே பொத்தான் இல்லாமல் அல்லாடும். திறந்ததை மூடத் தெரியாது, மூடியதைத் திறக்கத் தெரியாது. ஒருமுறை எதையோ அழுத்தப் போய்த் திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்துவிட்டது. அம்மா சுட்டியை மேசையில் ஓங்கி வைத்தார். "நாசமாப் போன சிஸ்டம்! இருந்ததைக் கெடுத்துட்டான் பாவி!" என்று அவர் போட்ட சத்தத்தில் பாட்டுக் கடைச் சத்தமே தோற்றது. மாமா வந்தால் அவருக்கு நேரேயே அர்ச்சனை நடக்கும். எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கும் மாமா தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொள்வார்.

அம்மா தையலுக்குத் திரும்பியதும் என் முறை வரும். நான் தேடினேன். திரையில் இருந்த ஒவ்வொரு சின்னமாக அழுத்தி, ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து தேடினேன். எல்லாவற்றிலும் ஒன்றுமில்லை என்றே வந்தது. குப்பைத் தொட்டிப் படம் ஒன்று இருந்தது. அதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு திறந்தேன். அதுவும் காலி. குப்பையில் அப்பா இல்லை என்று நிம்மதிப்படுவதா, அங்கேகூட இல்லையே என்று அழுவதா என்று தெரியவில்லை. மாமாவைப்போலக் கறுப்பு ஜன்னலைத் திறந்து, தெரிந்த ஆங்கில எழுத்துகளில் அப்பாவின் பெயரைத் தட்டிப் பார்த்தேன். அப்படி ஒன்று இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அந்த அளவுக்கு எனக்கு ஆங்கிலம் புரிந்தது.

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். இணையம் வரவில்லை என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார்; ஆளே அழிந்துபோனது தெரிந்தால் என்ன ஆவார்? அவர் கம்ப்யூட்டர் பக்கம் வரும்போதெல்லாம் வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்டேன், பசிக்கிறது என்றேன். பசியே இல்லாவிட்டாலும் பசிக்கிறது என்றேன்.

அந்த நாட்களில் அம்மாவுக்குத் தையல் நூல் அடிக்கடி தீர்ந்துபோனது. மத்தியானத்தில் நூல் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். ஒருநாள் என்னையும் கூட்டிப்போய், வளையல் கடை அக்காவிடம் விட்டுவிட்டு, "இங்கேயே இரு, தோ வந்தர்றேன்" என்று எதிர்வரிசைக்குப் போனார். வெகுநேரம் கழித்து வந்தார். வந்தவர் கடைக்கு முன்னால், எனக்கு எதிரிலேயே, என்னைப் பார்க்காமல் கடந்து போனார். கூட்டம் அவரை மறைத்துக்கொண்டே போனது. நான் "அம்மா!" என்று அலறியபடி ஓடி அவர் கைலியைப் பிடித்த பிறகுதான் திரும்பினார். யாரடா இந்தப் பிள்ளை என்பதுபோல ஒரு கணம் பார்த்தார். கையில் நூல் இல்லை. அப்பாவை அழித்ததுபோல அம்மாவின் மனசிலிருந்து என்னையும் அந்தக் கம்ப்யூட்டர் அழிக்க ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்குச் சிரிப்பாக இருக்கிறது. அன்று வீடுவரை அவர் கையை விடவேயில்லை.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலம் மாமா வந்து கறுப்பு ஜன்னலைத் திறந்தார். அம்மா அடுப்படியில் இருந்தார். நான் மாமாவின் காதுக்குப் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"மாமா, அப்பாவை எங்க வச்சிருக்கீங்க?"

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன. மாமா என்னைப் பார்க்காமல் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். கீழே தெருவில் வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வந்து எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"பத்திரமா இருக்காரு பாப்பா. மாமா எடுத்துத் தர்றேன். அம்மாகிட்ட மட்டும் இதையெல்லாம் கேக்காத, என்னா?"

அவர் குரல் சரியாக இல்லை. அப்படியானால் அழித்தது உண்மைதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. கெட்டிக்காரர் என்று எல்லோரும் சொல்லும் மாமாவுக்கே திரும்ப எடுக்கத் தெரியவில்லை. அதனால்தான் தினமும் வந்து போராடுகிறார், அதனால்தான் அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்கிறார். சரி என்று தலையாட்டினேன். அம்மாவிடமிருந்து மறைக்க ஏற்கனவே நான் பழகியிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு காலை. நான் பள்ளிக் காலணியை மாட்டிக்கொண்டிருந்தேன். மரப்படி அதிர மாமா ஓடி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் போய்க் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டு எதையோ சொருகினார். கறுப்பு ஜன்னலும் இல்லை, வரிவரியாகத் தட்டுவதும் இல்லை. இணையம் வந்துவிட்டது. கடல் வரைபடம் திறந்தது. ஏதோ ஒரு கரையை ஒட்டிப் பச்சை அம்பு ஒன்று நின்றிருந்தது. மாமா அதை அழுத்தினார். அப்பாவின் கப்பல் பெயர் வந்தது.

அம்மா வந்து திரையை விரலால் தொட்டார். கண்ணாடியில் தோசை மாவு ஒட்டிக்கொண்டது. "இந்த ஒரு வயரைச் சொருக இத்தனை நாளாடா உனக்கு?" என்றார். மாமா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அவருக்குத் தோசை வைத்தார். மாமா தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் பள்ளிக்கூடமே மறந்துபோய், அந்த அம்பு மறுபடி ஓடிவிடாமல் காவல் காப்பவள்போலத் திரைக்கு முன்னால் நின்றேன். சாயங்காலம் அப்பாவின் முகம் வந்தது. தாடி முளைத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தார். கம்ப்யூட்டருக்குள்ளே சரியாகச் சாப்பாடு கிடைத்திருக்காது என்று எனக்குப் பட்டது.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் மாமா விஷயத்தைச் சொன்னார். கடற்கொள்ளையர் திரியும் பகுதியில் கப்பலின் எஞ்சின் நின்றுவிட்டது. தாங்கள் இருக்கும் இடம் வெளியே தெரியாமலிருக்க எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு மிதந்திருக்கிறார்கள். கப்பல் பதில் தரவில்லை என்று துறைமுகத்தில் வேலை செய்த மாமாவின் கூட்டாளிக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. வேலையை விட்டு ஓடி வந்த மாமாவுக்கு, அக்கா கம்ப்யூட்டரைத் திறந்து அம்பு இல்லாததைப் பார்த்துவிடக்கூடாது என்பது ஒன்றுதான் எண்ணம். வைரஸ் இல்லை. வேறு சிஸ்டம் போட்டால்தான் அக்கா தடுமாறுவாள், கேள்வி கேட்க மாட்டாள் என்று போட்டிருக்கிறார். கறுப்பு ஜன்னலில் தினமும் கைக்கு வந்ததைத் தட்டினாராம். பின்னால் வயரை உருவி வைத்தவரும் அவர்தான்; கப்பல் கரை சேர்ந்த செய்தி கிடைத்ததும்தான் சொருகியிருக்கிறார். எங்கள் படங்களையெல்லாம் அழிப்பதற்கு முன்னால் தன்னிடம் எடுத்து வைத்திருந்தார்.

அம்மா ஆச்சரியப்பட்டு வாயைப் பிளப்பார் என்று நினைத்து, வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தேன். அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"தெரியும்லா. அன்னிக்குக் காலையிலயே பாத்துட்டேன், அம்பைக் காணோம். என்னா பண்றதுன்னு தெரியாம மெஷின்ல உக்காந்திருந்தேன். வேர்த்து ஊத்த இவன் வந்து நின்னான். மூஞ்சியப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு. எனக்காகப் பொய் சொல்றான், பாவம், சொல்லட்டும்னு விட்டுட்டேன். அவனைத் திட்டித் திட்டித்தான் நான் அழாம இருந்தேன்."

நூல் வாங்கப் போனதாகச் சொன்னதெல்லாம் எதிர்வரிசை சைபர் கஃபேக்குத்தானாம். தினமும் அங்கே போய் வெறும் கடலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். திறந்ததை மூடத் தெரியாமல் தடுமாறியதும், புதுச் சிஸ்டத்தைச் சபித்ததும், மூலையில் பொத்தானைத் தேடித் தவித்ததும் என் கண்ணுக்குக் கம்ப்யூட்டர் கஷ்டமாகவே தெரிந்தன. அந்த வீட்டில் கம்ப்யூட்டரைக் கண்டு பயந்தது நான் ஒருத்தி மட்டும்தான் என்பது எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

அம்மா நெத்திலிச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. எந்நேரமும் அதுகிட்ட உக்காந்து விளையாடிக்கிட்டு இருந்தே. பசிக்குது, பசிக்குதுன்னு கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டே. என் புள்ளயாச்சும் பயப்படாம இருக்குதேன்னுதான் எனக்குத் தெம்பே."

"ஆமாம்மா" என்றேன்.