கல்லில் பெயரில்லாதவளுக்காகப் பேசிய விசாலம்

கரியாஹாட் சந்தையில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது தீபங்கர் பாபு போனில் கூப்பிட்டார். "பிஷாலம் ஆர் நேய், திதி," என்றார். விசாலம் இனி இல்லை. மனைவியின் பெயரை 'வி' போட்டுச் சொல்ல அந்த மனிதருக்குக் கடைசிவரை வரவில்லை, அவளும் திருத்தவில்லை. காயைக் கடையிலேயே போட்டுவிட்டு லேக் கார்டன்ஸில் இருந்த அவர்கள் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

இங்கே நம் தமிழ்ச் சங்கத்தில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. ஒரே பள்ளிக்கூடத்தில் அவள் சரித்திரமும் நான் கணக்கும் நடத்தினோம். ஓய்வுபெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்து ஆட்களை டல்ஹௌசி பக்கத்துப் பழைய தேவாலயத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போவாள். கும்பெனிக் காலத்தின் ஆரம்பத்தில் வந்திறங்கிய ஒரு வெள்ளைக்கார வியாபாரியின் சமாதி அங்கே இருக்கிறது. அதில் பதித்திருக்கும் கறுப்புக் கல் நம் பல்லாவரத்திலிருந்து வந்தது. "இந்த ஊருக்குக் குடிவந்த முதல் மதராஸி இந்தக் கல்லுதான். நம்மளை மாதிரியே, வந்துது, திரும்பிப் போகலை," என்பாள். சென்னையிலிருந்து வந்த விருந்தாளிகள் உடனே கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள்.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது பாடப் புத்தகத்தில் அந்த வியாபாரிதான் இந்த நகரத்தை நிறுவியவர். பிறகு விஷயம் நீதிமன்றம் வரை போய், அவருக்கு முன்பே இங்கே ஊர்கள் இருந்தன, அவரை நிறுவனர் என்று சொல்லக்கூடாது என்றாயிற்று. சங்கத்தில் சிலருக்கு முகம் சுருங்கிவிட்டது, ஏதோ சொந்தத் தாத்தாவின் பட்டத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. விசாலம் சிரித்தாள். "ஸ்தாபகர் உத்தியோகம் போச்சு, பாவம். வந்தவர்னு சொல்லிட்டுப் போவோமே. நாம மட்டும் என்ன, கங்கையோடயா பொறந்தோம்?"

அவள் அக்கறை வேறு இடத்தில் இருந்தது. அந்த வியாபாரி, சிதையில் ஏற்றவிருந்த ஓர் இளம் விதவையை அழைத்துவந்து குடும்பம் நடத்தினார் என்று ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரர்கள் அதை வீரக்கதையாகச் சொன்னார்கள். மற்றவர்கள் நம் பெண்ணைக் கெடுத்துவிட்டான் என்றார்கள். அவள் அவருக்கு முந்தி இறந்து அதே இடத்தில் புதைக்கப்பட்டபின் வருஷாவருஷம் அவள் சமாதியில் அவர் சேவல் பலி கொடுத்தாராம். அதைக் கேட்டு வெள்ளைக்காரர்களே முகம் சுளித்தார்களாம். "நாம காக்காய்க்குச் சாதம் வைக்கறோம். அவருக்குத் தெரிஞ்சது சேவல்," என்பாள் விசாலம். "கல்லுல அவர் பேர் இருக்கு. அவ பேரைக் காணோமே!"

இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறுகும். காரணம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். விசாலமும் சின்ன வயதில் கணவனை இழந்தவள். பிறகு தீபங்கர் சாட்டர்ஜியைக் கல்யாணம் செய்துகொண்டாள். டாலிகஞ்சில் இருந்த அவள் அண்ணா சுந்தரம் அன்றிலிருந்து அவள் வீட்டுப் படி ஏறவில்லை. சங்கத்தில் எதிர்ப்பட்டால் ஒரு வார்த்தை பேசுவார். தீபங்கர் பாபுவை 'சாட்டர்ஜி ஸார்' என்பார், ஏதோ வங்கி மேனேஜரைக் கூப்பிடுவதுபோல. என்ன பிடிவாதமோ!

ஒரு ஞாயிறு, அவர் மனைவி, அதாவது விசாலத்தின் மன்னி, நச்சரித்ததில் சுந்தரமும் கூடவே தோட்டத்துக்கு வந்தார். கதை முடிந்ததும் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "ஒருத்தன் போனதும் இன்னொருத்தனோட போயிட்டா. இதுல என்னடி பெருமை?"

யாரைச் சொல்கிறார் என்று புரியாதவர் அங்கே இல்லை. விசாலம் அமைதியாகச் சொன்னாள்.

"அவ சாகலை, அண்ணா. அதான் பெருமை."

அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. மன்னி பையிலிருந்து காளிகாட் குங்குமப் பொட்டலத்தை எடுத்தாள். சமாதிக் கல்லில் பொட்டு வைத்து, தரையில் கற்பூரம் ஏற்றிவிட்டாள்! காவல்காரர் "ஏ கீ கொர்ச்சேன், மாஷிமா!" என்று தடுக்க ஓடிவந்தார்.

"என்ன பண்றே நீ? தேவாலயம்டீ இது!" என்று சுந்தரம் பதறினார்.

"ஏன்னா, புருஷனுக்கு முன்னாடி போயிருக்காளே அவ. சுமங்கலின்னா! வெறும் நெத்தியோட விடலாமா?" என்றாள் மன்னி. அதே விரலால் விசாலத்தின் நெற்றியிலும் வைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு பிறந்தகத்துக் குங்குமம் அவளுக்குக் கிடைத்தது அன்றைக்குத்தான். விசாலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு காவல்காரரிடம், "ராக் கொர்பென் நா தாதா, எங்க சொந்தக்காரி," என்று, கோபிக்க வேண்டாமென்று வங்காளியிலும் மீதியைத் தமிழிலுமாகச் சமாதானம் சொன்னாள். சுந்தரம் வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகும் லேக் கார்டன்ஸுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடையை இனி நான் கூட்டிப்போவதாகச் சங்கத்தில் சொல்லியிருக்கிறேன். அவளைப்போலச் சொல்ல வராது, முயன்று பார்க்கிறேன். ஆனால் அவள் நினைவாக எனக்கென்று நான் வைத்துக்கொண்டது மயானத்தில் கிடைத்தது. பிண்டம் வைக்கும்போது வங்காளிப் புரோகிதர் கோத்திரம் கேட்டார். தீபங்கர் பாபு உதட்டை அசைத்தார், சத்தம் வரவில்லை. பெண்ணுக்குப் புருஷன் கோத்திரம்தான். அதைச் சொல்ல அங்கே வேறு யார் இருக்கிறார்கள் என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "காச்யபம்," என்று சுந்தரத்தின் குரல் வந்தது. எப்போது விசாரித்துத் தெரிந்துவைத்திருந்தாரோ! முன்னே வந்து தீபங்கர் பாபுவின் தோளைப் பிடித்துக்கொண்டு, புரோகிதருக்குப் புரியுமா என்றுகூடப் பார்க்காமல் தமிழிலேயே இன்னொரு தடவை உரக்கச் சொன்னார்.

"காச்யப கோத்ரம். எங்காத்து மாப்பிள்ளையோட கோத்ரம்."

அவள் கேட்காமலே போன அந்தக் குரல் என்னிடம் இருக்கிறது. அது விசாலத்துக்குச் சேரவேண்டியது.