ஒரு ரூபாய் பெறப்பட்டது

கூட்டுறவுக் கடன் சங்கத்தின் கேஷ் கவுண்டரில் உட்காருகிறவள் நாள் முழுக்கப் பணம் எண்ணுவதைவிட அதிகமாகச் செய்யும் வேலை, அடுத்தவர்களிடம் "பயப்படாதீங்க" என்று சொல்வது. சொந்தப் பயத்துக்கு ராத்திரிதான் நேரம்.

ராத்திரி பத்தே முக்காலுக்கு, எங்கள் வீட்டுக்குக் கீழே சாத்திக் கிடக்கிற டிபன் கடைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்கும்: "ஒரு ரூபாய் பெறப்பட்டது." கொஞ்ச நேரத்தில் இரும்பும் இரும்பும் இடிக்கிற மாதிரி ஒரு 'டக்'. பிறகு ஒன்றும் இருக்காது. போனில் பணம் போட்டால் கடைகளில் ஒரு குட்டி ஸ்பீக்கர் பேசுமே, அதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் சாத்தின கடையில், இருட்டில், யார் எதை வாங்கிவிட்டு ஒரு ரூபாய் கொடுக்கிறார்கள்?

சின்ன காஞ்சிபுரத்தில் வாடகைக்கு ஒரு மாடி வீடு. கணவர் தினேஷுக்கு ஒரகடத்துத் தொழிற்சாலையில் வாரம் விட்டு வாரம் நைட் ஷிப்ட். அந்த வாரங்களில் வீட்டில் நானும் ஒன்றரை வயது யாழினியும்தான். யாழினிக்குக் காது கேட்காது. அந்தப் பெயரை வைத்த பிறகுதான் டாக்டர் சொன்னார். ஒரு காதுக்குள் கருவி வைக்க அரசுத் திட்டத்தில் வழி கிடைத்தது. இன்னொரு காதுக்கு நாங்கள்தான் சேர்க்க வேண்டும். என் செயின், தினேஷின் பி.எப். எல்லாம் சேர்ந்து அந்த இரண்டாவது காது, மூன்று கட்டுகளாக, ஒரு பிளாஸ்டிக் பையில், எங்கள் அரிசி டின்னின் அடியில் கிடந்தது. தினேஷுக்குக்கூட நான் சொல்லவில்லை.

என்னைப் போலவே கவுண்டர் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, பணத்தை எங்கே போடலாம் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் வீட்டில் இப்படியா என்று நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டு அரிசி டின்னும் எனக்குத் தெரியாததா?

காற்று அங்கே, காசு இங்கே

எங்கள் சங்கத்துக்கு நேர் எதிரே ஒரு பெரிய வங்கியின் கிளை. கண்ணாடிக் கதவு, ஏசி, டோக்கன் மெஷின், வரிசையாக நாற்காலி. எங்களிடம் ஒரு மின்விசிறி உண்டு. அதுவும் மேனேஜர் பக்கம்தான் திரும்பும்.

பட்டு நூல் சுற்றுகிற செல்வி அக்கா வெள்ளிக்கிழமை தோறும் வருவார். முதலில் எதிர் வங்கிக்குள் போய் டோக்கன் எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்காருவார். நம்பர் கூப்பிடுகிற நேரத்துக்கு எழுந்து, சாலையைக் கடந்து, எங்களிடம் வந்து பாஸ்புக்கை நீட்டுவார். ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன், அங்கேயே போடலாமே அக்கா என்று.

"அங்க குளுகுளுன்னு இருக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா ஒருத்தரும் மூஞ்சப் பார்த்துப் பேச மாட்டேன்றாங்கமா. அதான் காத்த அங்க வாங்கிக்கினு காச இங்க போடறேன்."

பத்து விரலும் பொய்

கைரேகை வைத்தால் பணம் தருகிற மெஷின் ஒன்று எங்களுக்கும் வந்தது. முதல் வாரமே நெசவாளர் ஏகாம்பரம் அண்ணன் வந்து கட்டை விரலை வைத்தார். 'பொருந்தவில்லை.' ஆள்காட்டி விரல். 'பொருந்தவில்லை.' ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தோம், எண்ணெய் தடவிப் பார்த்தோம். பத்து விரலையும் மெஷின் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பியது. பின்னால் நின்றவர்கள், "அண்ணே, கால் விரல வெச்சுப் பாரு" என்றார்கள். முப்பது வருஷமாக இழையைத் தடவித் தடவி விரல் நுனி கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.

நான்தான் சங்கடப்பட்டேன். பழையபடி சீட்டில் கையெழுத்து வாங்கிப் பணம் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டு மெஷினைப் பார்த்துச் சொன்னார்:

"என் ரேகையெல்லாம் எவளோ ஒருத்தி கல்யாணப் பொடவையில கீது. வேணும்னா அவளாண்ட போய்க் கேட்டு வாங்கிக்கச் சொல்லுமா."

கொல்லாத வட்டி

கிராமத்திலிருந்து ஒரு நயினார் வந்தார். சமணக் குடும்பத்து விவசாயி, வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. நெல் விற்ற பணத்தை டெபாசிட் போட வேண்டும். அவர் வட்டி எவ்வளவு என்று கேட்கவில்லை. "இந்தப் பணத்த எடுத்து யாருக்குக் கடன் குடுப்பீங்க?" என்று கேட்டார். எதிர் வங்கியின் வாசலில் கோழிப்பண்ணைக் கடன் என்று பெரிய படம் போட்டிருக்கிறார்களாம். கோழிக்குப் போகிற காசு அவருக்கு வேண்டாம். பேரன் போனில் காட்டிய ஏதோ ஆப்பிலும் கேட்டுப் பார்த்தாராம். அது பதிலுக்குச் சிரிக்கிற மஞ்சள் பொம்மையை அனுப்பியதாம்.

பொய் சொல்ல வரவில்லை. "நாங்க பட்டு நூல் வாங்கக் கடன் குடுக்கறோம் ஐயா" என்றேன். பட்டு எதிலிருந்து வருகிறது என்பது காஞ்சிபுரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பட்டுப்புழுவை நினைத்தோ என்னவோ, கொஞ்சநேரம் கண்ணை மூடிக்கொண்டார். "நகைக் கடன், கல்விக் கடனும் குடுக்கறோம். ஆனா எந்த நோட்டு எதுக்குப் போவுதுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றும் சொன்னேன். எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து சலானைப் பூர்த்தி செய்தார்.

"மூணு எடத்துல கேட்டேன். ரெண்டு எடத்துல சிரிச்சாங்க. நீங்க ஒருத்தர்தான் யோசிச்சீங்க."

நாலு எண்

இனி என் கதை. என் கணக்கு, யாழினி காதுக்குச் சேர்த்த பணத்தோடு, அப்போது எதிர் வங்கியில்தான் இருந்தது. சங்கத்துக்காரிக்கு அங்கே கணக்கு என்பது கொஞ்சம் வெட்கம். ஆனால் அதை வீட்டிலிருந்தபடி போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். குழந்தையை வைத்துக்கொண்டு அலைய வேண்டாமே என்று யோசித்தேன்.

ஒரு சாயங்காலம் போன் வந்தது. என் பெயர், கிளை, எல்லாம் சரியாகச் சொன்னான் ஒருவன். இங்கிலீஷ் நன்றாக இருந்தது. கணக்கு முடங்கிவிடும் மேடம், மெஸேஜில் வந்த ஓடிபியைச் சொல்லுங்கள் என்றான். தினமும் இருபது பேரிடம் "யார் கேட்டாலும் சொல்லாதீங்க" என்று தொண்டை வறளச் சொல்கிற நான், 'முடங்கிவிடும்' என்ற ஒரு வார்த்தையில், கான்வென்ட்டில் மதர் சுப்பீரியர் முன்னால் நிற்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஆகிவிட்டேன். ஆறு எண்ணில் நாலு எண் சொல்லிவிட்டேன்.

யாழினிக்கு ஒரு பழக்கம். என் உதடு அசைகிறது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை என்றால் பொறுக்க மாட்டாள். இரண்டு கையாலும் என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். அன்றும் திருப்பினாள். போன் நழுவி மடியில் விழுந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும்தான் யாருடைய காதுப் பணத்தை யாரிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன் என்று உறைத்தது.

பணம் போகவில்லை. ஆனால் மறுநாளே மொத்தத்தையும் நோட்டாக எடுத்து அரிசிக்குள் புதைத்தேன். போன் வந்ததையும் நாலு எண் சொன்னதையும் மட்டும் பக்கத்து கவுண்டர் ஹமீதாவிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே சொன்னாள்:

"நாலு நம்பர் சொன்னவ மீதி ரெண்டையும் சொல்லியிருக்கலாம்ல? பாவம், அவனும் டார்கெட் முடிக்கணும்ல?"

கீழ்க்கடை

அதன் பிறகுதான் ராத்திரிகள் நீண்டன. பத்தே முக்கால் குரல் கேட்டதும் எழுந்து தாழ்ப்பாளைப் பார்ப்பேன். படுப்பேன். மறுபடி எழுந்து பார்ப்பேன். காலி கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து கதவுக்கு முட்டுக் கொடுப்பேன். திருநீறு பூசுகிற வீட்டுப் பெண்தான் நான். ஆனாலும் பயம் வந்தால் வாயில் வருவது 'ஹெயில் மேரி' ஜெபம். பத்து வருஷம் கான்வென்ட்டில் படித்த வாய். பக்கத்தில் யாழினி அசையாமல் தூங்குவாள். அந்த வீட்டில் எந்தச் சத்தம் வந்தாலும் கேட்கவேண்டியவள் நான் ஒருத்திதான்.

ஒருநாள் பத்தே முக்கால் ஆகியும் குரல் வரவில்லை. பதினொன்று. பதினொன்றேகால். வராதது வந்ததைவிடப் பயமாக இருந்தது. மாடிச் சுவர் மேல் எட்டிப் பார்த்தேன். கடையின் பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. நிலைப்படியில் கடைக்கார கஸ்தூரி அக்கா உட்கார்ந்திருந்தார். தூங்குகிற யாழினியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

"என்னக்கா, தூங்கலியா?"

"எங்கமா தூங்கறது? அவரு ரூவா இன்னும் வரல."

அக்காவின் கணவர் லாரி ஓட்டுகிறார். அக்கா கடைக்குள்ளேயே படுக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மூன்று மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் அவர் ஏதோ சொல்லிவிட்டார். அக்கா அவருடைய போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அதிலிருந்து, ராத்திரி எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும், அவர் கடைக் கணக்குக்கு ஒரு ரூபாய் போடுவாராம். ஸ்பீக்கர் சொல்லும். அக்கா எழுந்து கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படுப்பார். அந்த 'டக்' அதுதான்.

எனக்குத் திருடன் வருகிற சத்தமாகக் கேட்டது, இந்த அக்காவுக்குப் புருஷன் வண்டியை நல்லபடி நிறுத்திவிட்டார் என்று வருகிற சேதி. அக்கா கேட்டார்: "அது போவட்டும். நீ தெனம் மேல என்னத்தமா உருட்டிக்கினே இருக்க? கீழ எனக்குத் தூக்கம் போவுது. சும்மா போற திருடனுக்கே சந்தேகம் வந்துடும், இந்த வீட்டுல ஏதோ கீதுன்னு."

எனக்கு முகம் சூடானது. அந்த நேரம் பார்த்து, அடுப்புக்குப் பக்கத்திலிருந்து அந்தப் பெண் குரல்: "ஒரு ரூபாய் பெறப்பட்டது." அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வண்டிய ஓரம் கட்டிட்டாரு. போ, நீயும் போய்ப் படு."

கம்பிக்கு அந்தப் பக்கம்

மறுநாள் காலையில் அரிசியை முறத்தில் கொட்டிப் பையை எடுத்தேன். ஷிப்ட் முடிந்து வந்த தினேஷ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த நாலு எண்ணையும். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒவ்வொரு கட்டாக எடுத்து ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டார்.

"போன வாரமே பார்த்துட்டேன், கஞ்சி வெக்க அரிசி எடுக்கும்போது. பேங்குக்காரி, காரணம் இல்லாம வெக்க மாட்டியேன்னு மேல அரிசியச் சமமாப் பரப்பி வெச்சுட்டேன்."

எங்கே போடுவது என்று இருவரும் பேசினோம். எதிர் வங்கியில் வசதி அதிகம். போன் கணக்கு இல்லாமலும் முடியாது, ஆஸ்பத்திரிக்குக் கடைசியில் அதில்தான் அனுப்ப வேண்டும். அதற்குக் கொஞ்சம் மட்டும் அதில் இருக்கட்டும் என்றார் தினேஷ். மீதி, நான் தினமும் உட்கார்ந்து கண்ணால் பார்க்கிற சங்கத்தில், யாழினி பேரில், எங்கள் இருவர் கையெழுத்தில். யார் போன் பண்ணி மிரட்டினாலும், அந்தப் பணம் வெளியே போக நான் நடந்து வந்து ஹமீதாவின் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

எட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றேன். சலானில் யாழினி பெயரை எழுதி நீட்டினேன். ஹமீதா கட்டுகளை எண்ணி, முத்திரை குத்தி, கட்டுக்குள்ளிருந்து விழுந்த ஒரு அரிசியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்க பாக்கி, மேடம். பயப்படாதீங்க."

இதை எழுதுகிற இந்த ராத்திரியும் தினேஷுக்கு ஷிப்ட். பத்தே முக்காலுக்குக் கீழே ஒரு ரூபாய் வந்தது. 'டக்' கேட்டது. நானும் எழுந்தேன். யாழினி தூங்காமல் பின்னாலேயே தவழ்ந்து வந்து, எழுந்து நின்று, கதவில் இரண்டு உள்ளங்கையையும் பதித்தாள். தாழ்ப்பாளைத் தள்ளினேன். அது விழுந்த அதிர்வு கையில் பட்டதும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

வங்கியா, சங்கமா, போனா என்று நாளைக்கு யாராவது கேட்டால், எதில் போட்ட பிறகு ராத்திரி கதவை ஒரே ஒரு தடவை தாழ் போட்டால் போதும் என்று தோன்றுகிறதோ அதில் போடுங்கள் என்று சொல்லப்போகிறேன், ஏனென்றால் இன்றைக்கு என் கதவை ஒரே தடவைதான் தாழ் போட்டேன்.