இரண்டு சீட் காரில் ஒரு முழு ஸ்டெப்னி

நான் ஐந்தாவது வரை படித்தவன். அதையும் இரண்டு வருஷம் படித்தேன். ஆனால் அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஒரு காலத்தில் ஓடிய தண்ணீர் லாரித் தொட்டிகளில் பாதி என் கையால் வெல்டிங் ஆனவை. ஆவடியில் ஒரு சர்ச்சுக்கு மணிக்கூண்டு ஏறும் இரும்பு ஏணி செய்தேன். நாற்பது படி, ஒரு படிகூட இன்றுவரை ஆடவில்லை. போலியோவில் கால் போன தையல்காரர் ஒருவருக்கு மொபெட் இன்ஜினை வைத்து மூன்று சக்கர வண்டி கட்டிக் கொடுத்தேன். ஐஸ் வண்டி, பள்ளிக்கூட ரிக்‌ஷா, பழுதான லாரியை இழுக்கும் கிரேன், எதையும் விட்டுவைக்கவில்லை. எல்லாம் ஒரு தகரக் கொட்டகையில், ஒரே ஒரு சிங்கிள் ஃபேஸ் லைனில். பெரிய மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். வெல்டிங் மிஷினைத் தூக்கி டிரம்மின் மேல் வைத்துவிட்டு வேலை பார்த்தேன். உதவி செய்ய யாரும் வரவில்லை. உன்னால் முடியாது என்று சொல்ல மட்டும் நிறையப் பேர் வந்தார்கள்.

எங்கள் பட்டறைக்காரர்கள் சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள், வேலை பழகும் சின்னப் பையன்கள் படிப்பார்கள் என்று கேட்டார்கள். தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். ஆகவே ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி எழுதுகிறேன்.

1. பேருக்கு ஒரு ஸ்டெப்னி

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஸ்பிரிங் கம்பெனி நடத்தியவர் டேவிட் சார். கொரட்டூரில் ஏரிப் பக்கம் வீடு. வெளிநாட்டில் இருந்த அவருடைய அண்ணன் ஒரு சிவப்புக் காரைக் கப்பலில் அனுப்பிவைத்தார். இரண்டே சீட். தரையை ஒட்டி உட்காரும். குறுக்கே மாடு நின்றால் உள்ளே இருப்பவருக்கு மாட்டின் வயிறுதான் தெரியும். சார் அந்தக் காரைத் துடைக்கக்கூட இன்னொருவரை விடமாட்டார்.

அந்தக் காரில் ஒரு குறை. டிக்கியில் இருந்த ஸ்டெப்னி முழு டயர் இல்லை. சைக்கிள் டயரைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். மெதுவாக ஓட்டிக்கொண்டு பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை போகலாம் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. அவர்கள் ஊரில் அது போதும். நம் பெங்களூர் ரோட்டில் அப்போது மாட்டு வண்டி நிறைய. மாட்டின் லாடத்து ஆணி கழன்று ரோடெல்லாம் கிடக்கும். பஞ்சர் ஆகாமல் வேலூர் போனவர் அதிர்ஷ்டக்காரர். அந்த அளவு டயரை ஒட்டத் தெரிந்த பஞ்சர் கடையும் வழியில் கிடையாது.

சாரின் மனைவி ஸ்டெல்லா அம்மாவின் தங்கைக்கு வேலூரில் நிச்சயம் நடந்தது. தாய் இல்லாத பெண், ஸ்டெல்லா அம்மாதான் தாய் ஸ்தானத்தில் நிற்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் பஞ்சர். அந்த ஒல்லி டயரை மாட்டிக்கொண்டு மாட்டு வண்டிக்குப் பின்னாலேயே உருண்டு போய்ச் சேர்ந்தபோது, மோதிரம் மாற்றி, பிரியாணி சாப்பிட்டு, எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்களாம்.

அம்மா கோபத்தில் கத்துகிறவர் இல்லை. வீட்டுக்கு வந்து அமைதியாகச் சொல்லியிருக்கிறார்.

"கல்யாணத்துக்கு நான் இந்தக் கார்ல வரணும்னா முழு ஸ்டெப்னி உள்ள இருக்கணும். இல்லன்னா நான் அம்பாசிடர்ல போறேன். நீங்க இதை வித்துட்டு பஸ்ல வாங்க."

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

2. அட்டைச் சக்கரம்

சார் அண்ணனிடம் சொல்லி முன் சக்கரத்து அளவில் ஒரு முழு ரிம்மும் டயரும் விமானத்தில் வரவழைத்துவிட்டார். அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. கம்பெனியின் டிசைன் இன்ஜினியர் மூன்று ஷீட் டிராயிங் போட்டார். டிக்கிக்குக் கீழே பெட்ரோல் டேங்க், பக்கத்தில் சைலன்சர், முழுச் சக்கரத்துக்கு இடமே இல்லை என்று முடித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். எப்போதும் எனக்கு அந்த வரிசைதான்.

நான் டிராயிங்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன் என்று இன்ஜினியர் சிரித்தார். நான் காரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

"சார், பேப்பர்லதான் எடமில்ல. கார்ல எடம் கீது."

"எங்கய்யா இருக்கு?"

"சனிக்கிழம வந்து பாரு சார்."

அவர் சாரைப் பார்த்து, "உள்ள போச்சுன்னா நான் டிராயிங் போர்டையே இவர்கிட்ட குடுத்துடறேன்" என்றார். நான், குடுங்க சார், சோறு கட்டி எடுத்துட்டுப் போறதுக்குத் தட்டு மாதிரி ஆகும் என்றேன். இரண்டு பேருமே சிரித்தபடிதான் பேசினோம். ஆனால் கம்பெனி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

என் முறை இதுதான், பையன்களே. எனக்கு டிராயிங் படிக்கத் தெரியாது. ஆகவே பொருளையே அட்டையில் செய்துவிடுவேன். டிவி வந்த அட்டைப் பெட்டிகளைக் கிழித்து, நிஜ அளவில், நிஜத் தடிமனில் ஒரு சக்கரம் ஒட்டினேன். எடை கிடையாது, ஒரு கையால் தூக்கிக் காருக்குள் எங்கே வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம். படுக்கவைத்தேன், நிற்கவைத்தேன். இரண்டாவது நாள், இடது பக்க சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஷெல்ஃப் இருந்ததே, அங்கே சாய்த்துவைத்தேன். உட்கார்ந்துகொண்டது.

ஷெல்ஃப் தகட்டை வெட்டி எடுத்தேன். இரும்புப் பட்டையில் இரண்டு பிராக்கெட், நடுவில் ஒரு போல்ட், மேலே ஒரு பெல்ட். சீட் முன்னும் பின்னும் நகரும் ரெயில் இடித்தது. அதைக் கழற்றிவிட்டு, சீட்டை நாலு போல்ட்டில் தரையோடு இறுக்கினேன். எந்த இடத்தில் இறுக்குவது என்று பார்க்க நானே உட்கார்ந்து கால் நீட்டிப் பார்த்தேன். நிஜச் சக்கரத்தை வைத்தபோது சீட்டுக்கும் அதற்கும் நடுவில் விரல் நுழையாது. அவ்வளவு கச்சிதம்.

சனிக்கிழமை இன்ஜினியர் பத்து நிமிஷம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டிராயிங் போர்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

3. பெல்ட் போட்டுக்கொண்ட டயர்

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து சார் வந்தார். ஓட்டிப் பார்க்கலாம் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். பூந்தமல்லி தாண்டி குத்தம்பாக்கம் பக்கம் போகும்போது, சொல்லிவைத்தாற்போல, பின் சக்கரத்தில் லாட ஆணி. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நம் ஸ்டெப்னிக்கு இன்றைக்கே வேலை வந்துவிட்டது பார்.

ஐந்து நிமிஷத்தில் மாற்றினேன். கழற்றிய சக்கரத்தைத் தூக்கி என் பிராக்கெட்டில் வைத்தேன். போகவில்லை. தள்ளினேன், உதைத்தேன். போகவில்லை.

அந்தக் காரில் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட இரண்டு அங்குலம் அகலம். உயரம் ஒன்றுதான், ஆகவே முன் சக்கரத்தைப் பின்னால் மாட்டி ஓட்டலாம். ஆனால் உள்ளே போகும் சக்கரத்தை மட்டும்தான் நான் அளந்திருந்தேன். வெளியே வரும் சக்கரத்தை அளக்கவில்லை. மூன்று ஷீட் போட்ட இன்ஜினியரும் அளக்கவில்லை, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

டிக்கியில் வைத்தால் மூடவில்லை. என் மடியில் வைத்தால் கதவு சாத்தவில்லை. கடைசியில் டயர் என் சீட்டில் உட்கார்ந்தது. உருளக் கூடாதென்று அதற்கு பெல்ட் மாட்டிவிட்டேன். சாரும் டயரும் கொரட்டூருக்குப் போனார்கள். நான் கையெல்லாம் கரியோடு பஸ்ஸுக்கு நின்றேன். ஏறியதும் கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, வண்டிய வுட்டுட்டு வந்துட்டியா?" என்றார். வண்டி என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது என்று சொன்னேன்.

4. யார் அளவு?

நான் சார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது டயர் இன்னும் பெல்ட்டோடு சீட்டிலேயே இருந்தது. ஸ்டெல்லா அம்மா கதவைத் திறந்துவைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சார் ஒரு ஓரமாக நின்றார். அவருடைய முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மனசுக்குள் காரை விற்றே விட்டார்.

"கல்யாணத்தன்னிக்கு பஞ்சர் ஆனா இது என் சீட்ல உக்காந்து போகும். நான் எங்க உக்கார்றது ஏழுமலை?"

சீட் இரண்டு அங்குலம் முன்னால் வந்தால் அகலச் சக்கரமும் பின்னால் போகும். ஆனால் அந்தச் சீட்டை ஒரு நூல்கூட முன்னால் கொண்டுவர முடியாது, முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும் என்று மெதுவாகச் சொன்னேன். அம்மா டயரை இறக்கச் சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். கால் நீட்டினார். பாதம் எங்கேயும் போய் முட்டவில்லை. முழங்காலுக்கு முன்னால் ஒரு தண்ணீர்க் குடத்தையே வைக்கலாம்.

"இந்த சீட்டு யார் அளவு?"

"என் அளவும்மா."

"கல்யாணத்துக்கு நீயா வர?"

நான் ஆறடி. அம்மா ஐந்தடிக்கும் கீழே. சார் ஓட்டுவார், பக்கத்தில் உட்காரப்போவது அவர் ஒருவர்தான். அது எங்கள் மூன்று ஆண்களுக்கும் இத்தனை நாளாகத் தோன்றவில்லை. டேங்கை நகர்த்தலாமா, சைலன்சரை வெட்டலாமா என்று யோசித்தோம். அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்க்கவில்லை. அம்மா சீட்டில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "இங்க இருந்தா எனக்குப் போதும்" என்று கையால் காட்டினார். டேப் வைத்தேன். இரண்டே கால் அங்குலம்.

மறுநாள் மதியத்துக்குள் தரையில் நாலு புது ஓட்டை போட்டு சீட்டை முன்னால் கொண்டுவந்தேன். பிராக்கெட்டில் இரண்டாவது வரிசை ஓட்டை போட்டேன், முன் சக்கரத்துக்கு ஒன்று, அகலமான பின் சக்கரத்துக்கு ஒன்று. இரண்டு சக்கரத்தையும் மாற்றி மாற்றிப் பத்து தடவை வைத்து எடுத்தேன். பத்து தடவையும் அம்மாவை உட்காரவைத்தேன். எட்டாவது தடவை, "எனக்கு அடுப்புல வேலை இருக்குப்பா" என்றார். விடவில்லை.

கல்யாணத்தன்று காலை பத்து மணிக்கு டேவிட் சார் வேலூரிலிருந்து கம்பெனிக்கு போன் போட்டு என்னைக் கூப்பிடச் சொன்னார். ஓடினேன். வாலாஜா தாண்டிப் பின் சக்கரம் பஞ்சராம். சர்ச்சில் முதல் மணி அடிக்கும் முன்பே போய்விட்டார்களாம்.

"ஏழுமலை, டயரும் உள்ள, அம்மாவும் உள்ள" என்றார்.  கார் விற்கப்படவில்லை.

நான் கற்றது இதுதான். டேப்பை எடுப்பதற்கு முன்னால், அதில் உட்காரப்போகிறவரைக் கூப்பிட்டு உட்காரவை. அதன் பிறகு நான் செய்த ஒவ்வொரு வண்டிக்கும் அப்படித்தான்.

இப்போது அந்தக் கார் சாரின் மகனிடம் இருக்கிறது. பழைய கார் கண்காட்சிகளில் நிறுத்துகிறார். போன வருஷம் போய்ப் பார்த்தேன். சீட்டுக்குப் பின்னால் என் பிராக்கெட், என் வெல்டிங், துருகூட இல்லை. எல்லோரும் குனிந்து குனிந்து அதைத்தான் பார்க்கிறார்கள். முன்னால் ஒரு அட்டை வைத்திருக்கிறார்கள், முழு அளவு ஸ்டெப்னி அமைப்பை வடிவமைத்தவர் என்று இன்ஜினியரின் பேர். அவர் பொய் சொன்னவர் இல்லை. நான் செய்து முடித்ததை ஃபைலுக்காக அளந்து வரைந்தார். வரைந்தவர் பேர் டிராயிங்கின் கீழே இருந்தது, சாரின் மகன், அந்தத் தம்பி, அதைப் பார்த்து எழுதிவிட்டார்.

தம்பி, அந்த அட்டையை மாற்ற வேண்டும். இடம் கண்டுபிடித்துச் செய்தது ஏழுமலை, அம்பத்தூர். இரண்டே கால் அங்குலம் கண்டுபிடித்தது உங்கள் அம்மா. இந்த வரிசையில்தான் வர வேண்டும். மூன்றாவதாக, வரைந்தவர் என்று இன்ஜினியர் பேரைப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. எழுத்து மூன்றும் ஒரே அளவாக இருக்கட்டும். அட்டையில் இடம் பத்தாது என்றால் சொல்லி அனுப்புங்கள், தகட்டில் பெரிதாக நானே வெட்டிக்கொண்டு வருகிறேன்.