மாமா கட்டிய சோளத்தட்டுக் குடிசை

என் மாமா ஒரே ஒரு தடவைதான் வெளிநாடு போனார். பன்னிரண்டாவது நாள் திரும்பி வந்துவிட்டார். திரும்பி வருவதற்காக அவர் போகவில்லை என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கூடவே போன எனக்கும் தெரியாது. சென்ற வருடம் மாரியம்மன் பண்டிகைக்குப் போர்ச்சுகலிலிருந்து வந்திருந்த அவருடைய சிநேகிதர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது. அன்றிலிருந்து மாமா முகத்தை நேராகப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அம்மா அப்போது கொல்லிமலை அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். செம்மேட்டில் குவார்ட்டர்ஸ். அம்மாவின் தம்பியான மாமா, மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்து நான்கு வயது. காடு, கிணறு, ட்ராக்டர் எல்லாம் இருந்தன, கல்யாணம்தான் ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் மண்ணை நம்பிப் பிழைக்கிறவனுக்குப் பெண் கிடைப்பது குதிரைக் கொம்பு. முள்ளுக்குறிச்சியில் ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். மாமாவுக்குப் பிடித்தது, அவளுக்கும் பிடித்தது. அவளுடைய அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "பையன் தங்கமான பையன்தானுங்க. ஆனா காட்டு வேலைக்குப் பொண்ணு குடுக்கறதா இல்லீங்க. வெளிநாடு கிளிநாடு போறாருன்னா சொல்லுங்க, தை வரைக்கும் பொறுத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் எனக்குச் செஸ் பைத்தியம் முற்றியிருந்தது. பன்னிரண்டு வயதில் மாவட்டம், மாநிலம் என்று ஜெயித்து, செர்பியாவில் நடக்கும் ஒரு சிறுவர் போட்டிக்குப் போகும் வாய்ப்பு வந்தது. காலாண்டு விடுமுறை. அந்த நாட்டுக்கு அப்போது நம்மவர்கள் விசா இல்லாமலே போகலாம். துணைக்கு யார் போவது? அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவிடம் பாஸ்போர்ட் இல்லை. மாமாவிடம் மட்டும் புத்தம்புது பாஸ்போர்ட் இருந்தது. குச்சிக்கிழங்கு போடுகிறவருக்கு எதற்குப் பாஸ்போர்ட் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ட்ராக்டரைக் காணோமே என்றதற்கு, ரிப்பேருக்கு விட்டிருப்பதாகச் சொன்னார். அதையும் நம்பினோம்.

போட்டி நடந்த ஊர் ஹங்கேரி எல்லைக்குப் பக்கத்தில் இருந்தது. போட்டி முடிந்ததும் என்னைச் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தோடு விமானம் ஏற்றிவிட்டு, அங்கே காத்திருந்த இரண்டு பேரோடு எல்லையைத் தாண்டி, எப்படியாவது போர்ச்சுகல் போய்ச் சேர்ந்துவிடுவது. அதுதான் மாமாவின் திட்டம். ட்ராக்டர் போனது அதற்காகத்தான்.

ஊர்ப் பெயர் கனிஷா என்பது போல ஒலிக்கும். மாமா கடைசிவரை அதைக் கஞ்சியூர் என்றே சொன்னார். பெயர்ப் பலகைகளில் ஒரே ஊரை இரண்டு மூன்று மாதிரி எழுதியிருந்தார்கள். அகலமான ஆறு, நீண்ட கரை, சைக்கிளில் போகும் பெண்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்தே வளர்ந்த எனக்கு அந்த ஊரின் சாலைகள் அதிசயமாக இருந்தன. எங்கே பார்த்தாலும் தாம்பாளம் மாதிரி தட்டை. பெயருக்குக்கூட ஒரு குன்று இல்லை. நாங்கள் தங்கிய வீட்டின் தாழ்வாரத்தில் சிவப்பு மிளகாயைச் சரம் சரமாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மாமா ஆசையாக ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார். துளிக்கூடக் காரம் இல்லை. "இதை வெச்சுக்கிட்டு இத்தனை அலங்காரமா!" என்று வீட்டுக்கார அம்மாவிடம் தமிழிலேயே கேட்டார். அந்த அம்மா அவர்கள் பாஷையில் ஏதோ பதில் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து இருவருக்கும் நல்ல பழக்கம்.

தினமும் என்னைப் போட்டி நடக்கும் கூடத்தில் விட்டதும், மாமா அந்த அம்மாவின் சைக்கிளை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். சாயந்திரம் காலெல்லாம் சேறாகத் திரும்புவார். நான் இங்கே மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இவர் ஊர் சுற்றுகிறாரே என்று எனக்கு எரிச்சல். அப்படி என்னதான் பார்த்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"வேலி ஒன்னு இருக்குது கண்ணு. நம்ம காட்டுக்குப் பன்னி வராம இருக்கப் போடறமில்ல, அதாட்டம். கொஞ்சம் பெருசு."

வேலி பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

கடைசி நாள் காலையில் எழுந்தபோது நான் பெரிய மனுஷி ஆகியிருந்தேன். நர்ஸ் பெற்ற பெண், எனக்கு எல்லாம் தெரியும். பயந்தது மாமாதான். அம்மாவுக்குப் போன் போட்டார், கிடைக்கவில்லை. மலையில் மழை பிடித்தால் டவர் படுத்துவிடும். ஏழெட்டுத் தடவை முயன்று பார்த்துவிட்டு, வீட்டுக்கார அம்மாவிடம் ஓடி, சைகையிலேயே எப்படியோ விஷயத்தைச் சொல்லிவிட்டார். என்ன சைகை காட்டினார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த அம்மா வேண்டியதைக் கொண்டுவந்து கொடுத்தார், என் கன்னத்தைத் தட்டினார், கசகசா வைத்த ரொட்டி ஒன்றை ஊட்டியும் விட்டார்.

நான் குளித்து, ஷூ போட்டுக் கிளம்பினேன். கடைசி ஆட்டம். ஜெயித்தால் மூன்றாவது இடம், கப்பு. மாமா கதவை மறித்து நின்றார்.

"போகக் கூடாது சாமி. அம்மாகிட்டக் கேக்காம நான் உன்னைய வெளிய அனுப்ப முடியாது."

கத்தினேன், அழுதேன், தரையில் உருண்டேன். அவர் அசையவில்லை. எங்கள் வழக்கத்தில், பெண் வயசுக்கு வந்தால் தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்ட வேண்டும். பெண் அதற்குள்தான் உட்கார வேண்டும். கஞ்சியூரில் தென்னைக்கு எங்கே போவது? மாமா கொல்லைப்பக்கம் போய், அறுத்துப் போட்டிருந்த மக்காச்சோளத் தட்டை இலையும் தண்டுமாக ஒரு கட்டுத் தூக்கிவந்தார். அறை மூலையில் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் சாய்த்துக் கட்டினார். வீட்டுக்கார அம்மா, இது ஏதோ பூஜை என்று நினைத்தாரோ என்னவோ, தானாகவே கத்தரியும் சணல் கயிறும் கொண்டுவந்து கூட நின்று பிடித்துக்கொடுத்தார். நான் அதற்குள் உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் ஆளில்லாத என் நாற்காலிக்கு எதிரே ஒரு பல்கேரியப் பெண் உட்கார்ந்த இடத்திலேயே ஜெயித்தாள்.

மத்தியானம் அந்தச் சென்னைக் குடும்பத்து ஆன்ட்டி விஷயம் கேள்விப்பட்டு வந்தார். பெல்கிரேடில் ஏதோ வேலை இருப்பதாக மாமா அவரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார். "நான் இவளைப் பத்திரமா உங்க அக்காகிட்ட ஒப்படைச்சிடறேன் சார். நீங்க நிம்மதியா உங்க வேலையைப் பாருங்க" என்றார்.

மாமா குனிந்து என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"இல்லீங்க. தாய்மாமன் நானுங்க. இந்த நேரத்துல புள்ளைய அடுத்தவங்க கையில குடுத்துட்டு நான் எங்கீங்க போறது? நானே கூட்டிட்டுப் போறனுங்க."

கொஞ்ச நேரத்தில் அவருடைய போன் அடித்தது. பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த அந்த இரண்டு பேர்தான். "நான் வரலப்பா, நீங்க கெளம்புங்க" என்றார். என் தலையில் ஒட்டியிருந்த சோளச் சருகை எடுக்கக் கையை நீட்டினார். நான் தட்டிவிட்டேன்.

ஊர் வந்ததும் அம்மா கண்டபடி திட்டினாள். "ஏன்டா, ஒரு நாப்கினைக் குடுத்து வெளையாட அனுப்பறதுக்கென்ன? நான் போனை எடுத்திருந்தா அதைத்தான் சொல்லியிருப்பேன்." மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மா திட்டி முடித்த பிறகு நான் வேறு எடுத்துக்கொடுத்தேன்: தினமும் என்னைத் தனியாக விட்டுவிட்டுச் சைக்கிளில் ஊர் சுற்றினார் என்று. அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்கு அப்போது எவ்வளவு திருப்தியாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

ஐப்பசியில் சீர் வைத்தார்கள். மாமா பட்டுப்புடவை, மாலை, பழத்தட்டு எல்லாம் குறையில்லாமல் கொண்டுவந்தார். புடவையை வாங்கும்போது சபை நிறைந்திருக்க, "உங்களாலதான் எனக்குக் கப்பு போச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். "ஆமாஞ் சாமி, மாமன் மேலதான் தப்பு. மறுக்கா ஒருவாட்டி உன்னைய அங்க கூட்டிட்டுப் போறேன், போதுமா?" என்றார்.

நான் அந்த வாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பார்க்கும்போதெல்லாம் எப்போது, எப்போது என்று நச்சரித்தேன். "தைக்குள்ள பாக்கலாங் கண்ணு" என்பார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். இப்போது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. வாடகை ட்ராக்டரில் உழுகிறார். பெண் பார்க்கும் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அந்தத் தையில் முள்ளுக்குறிச்சிப் பெண்ணுக்குச் சிங்கப்பூர் மாப்பிள்ளையோடு கல்யாணம் ஆனது. மாமாவுக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள். போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்து நேராக மலைக்கு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே ஓடிப்போய் மறித்தேன்.

"தை வந்திருச்சுங்க மாமா. எப்ப போறோம்?"

"இனி எதுக்குக் கண்ணு?" என்றார்.

வாக்குக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று இரண்டு மாதம் நான் அவரோடு பேசவே இல்லை.